ஆடிப் பதினெட்டுக்கு அந்தமான் போன மயிலம்மாள்

சென்னையில் விமானம் ஏறியதும் மயிலம்மாளுக்குக் கிடைத்தது நடைவழி ஓரத்து இருக்கை. சன்னலோரத்தில் அதே பயணக் கூட்டத்தில் வந்த ராஜம்மாள், நடுவில் ராஜம்மாளின் வீட்டுக்காரர். விமானம் மேலே கிளம்பியதுமே ராஜம்மாள் சன்னல் மூடியைச் சரக்கென்று இழுத்து அடைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்குப் போன சித்திரையில்தான் இதய அடைப்புக்காக நெஞ்சில் குழாய் வைத்திருந்தார்கள். முகத்தில் வெயில் பட்டால் அவருக்கு ஆகாது.

"ஏனுங்கம்மா, கடல் வந்துச்சுன்னா சித்தெ தொறந்து காட்டுங்க," என்றாள் மயிலம்மாள்.

"கடல் எங்க புள்ள போயிரப் போவுது. அஞ்சு நாளும் அங்கதான இருக்கப் போற. பேசாமத் தூங்கு."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடலுக்கு மேலேயே பறந்தார்கள். அந்த நேரம் முழுக்க மயிலம்மாள் பார்த்தது முன்னால் உட்கார்ந்திருந்தவருடைய வழுக்கைத் தலையை. அதையும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது.

மயிலம்மாள் நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக்காரி. வயது ஐம்பத்து நான்கு. குமரியாக இருந்தபோது மஞ்சள் வேகவைக்கிற களத்தில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துக் கல்யாணச் சமையலுக்குப் போக ஆரம்பித்தவள், இன்றுவரை அந்தச் சோலியை விடவில்லை. வீட்டுக்காரன் சின்னான் நாமக்கல்லில் ஒரு முட்டைக் குடோனில் லாரிக்கு முட்டை அட்டைகள் ஏற்றுகிறவன். இரண்டு பேரும் உடம்பு தேய உழைக்கிறவர்கள். ஊர் சுற்றிப் பார்க்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

அவள் போகாத கல்யாணம் கிடையாது. ராசிபுரம், சேலம், திருச்செங்கோடு என்று ஆயிரம் கல்யாணம் பார்த்திருப்பாள் என்று சொல்லலாம். சொல்லலாமே தவிர, பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கெட்டிமேளம் கொட்டும்போது அவள் கையில் சாம்பார்க் கரண்டி இருக்கும். பெண் சிவப்பா கறுப்பா, மாப்பிள்ளை நெட்டையா குட்டையா, ஒன்றும் தெரியாது. மண்டபத்துக்குப் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், எந்த ஊர் மண்டபமானாலும் குழாய் எங்கே இருக்கிறது என்பது வரை சொல்வாள். முன்பக்கம் அவளுக்குத் தெரியாது. அதைப்பற்றி யாரும் கேட்டதும் இல்லை, அவளும் குறைப்பட்டுக்கொண்டது இல்லை.

அப்படிப்பட்டவள் அந்தமானுக்குப் போனது எப்படி என்றால், மருதாசலத்தால். மருதாசலம் ராசிபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை ஆட்களைச் சேர்த்து வெளியூர் கூட்டிப்போகிறார். நம் பக்கத்து ஆட்கள் எங்கே போனாலும் கொள்ளுப் பருப்பும் ரசமும் இல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் தாங்கமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, சமையல்காரரையும் கூடவே அழைத்துப்போவது அவருடைய வழக்கம். இந்தத் தடவை பதினொரு ஜோடி சேர்ந்தது. சமையலுக்கு மாஸ்டர் தீனதயாளன். தீனதயாளனுக்கு உதவி மயிலம்மாள்.

"காலையில டிபன், மத்தியானம் சோறு, பொழுதோட டிபன். அவ்வளவுதான் வேலை," என்று மருதாசலம் அவள் வீட்டு வாசலிலேயே வந்து சொன்னார். "மீதி நேரம் நீயும் டூரிஸ்ட்டுதான். உன்ற மடியிலிருந்து ஒரு பைசா எடுக்க வேண்டியதில்ல."

"கடல்கிட்ட ஒரு மணி நேரம் உக்கார உடுவீங்களா சார்?"

"ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாளே உக்காரு. யார் வேண்டாங்கறது."

அவள் கேட்டது ஒரு மணி நேரம். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவியதற்கும் மாலைக் காப்பிக்குப் பால் வைப்பதற்கும் நடுவில் அவளுக்கு அரைமணி நேரம் கிடைக்கும். சாக்கை விரித்துக் காலை நீட்டுவாள். அதைப்போல இரண்டு மடங்கு நேரம், கடலுக்கு எதிரே. அதற்கு மேல் ஆசைப்பட அவளுக்குத் தோன்றவில்லை. காவேரியை வருடா வருடம் ஆடிப் பதினெட்டுக்குப் பார்த்திருக்கிறாள். கடலை ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தமானில் இறங்கியதும் பயணிகளுக்கு ஒரு பேருந்தும் சாமான்களுக்கு ஒரு வேனும் வந்திருந்தன. சாமான் வேனில்தான் சமையல்காரர்கள். அரிசி மூட்டைகளும் அண்டாக்களும் சன்னலை அடைத்துக்கொண்டிருந்தன. ஒரு வளைவில் இரண்டு மூட்டைக்கு நடுவே நீலமாக ஒரு கோடு தெரிந்து மறைந்தது.

"மாஸ்டர், அதுவா கடல்?"

"அதேதான்க்கா."

"வண்டியை நிறுத்தச் சொல்லுங்க."

"பால் திரிஞ்சு போயிரும்க்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

தங்கின வீட்டின் முன்பக்கத்து மாடியிலிருந்து கடல் நன்றாகத் தெரியும் என்று பயணிகள் பேசிக்கொண்டார்கள். சமையலறை பின்பக்கம். பின்பக்கத்தில் ஒரு மதில், மதிலுக்கு மேலே தென்னை மரங்களின் தலை. உப்புக் காற்று மட்டும் தடையில்லாமல் வந்தது. மிளகாய்ப் பொடியைத் தட்டில் கொட்டி வைத்தால் கால்மணியில் நமுத்துப் போனது.

மறுநாள் மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு மயிலம்மாள் தானே நடந்து போய்விடுவது என்று கிளம்பினாள். நடந்தால் முக்கால் மணி நேரம் என்று தங்கின வீட்டின் சொந்தக்காரர் வழி சொல்லியிருந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நிற்கும்போதே செல்போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கறீங்க? மழைக்குப் பஜ்ஜி வேணுங்கறாங்க," என்றான் தீனதயாளன்.

"நீங்க போடக்கூடாதா தம்பி?"

"வாழைக்காய் சீவறதுக்கு ஆள் வேணுமில்ல. வாங்க, நாளைக்குக் கப்பல்ல போறோம். கப்பல்ல போனா சுத்தியும் கடல்தான், நீங்க பாக்க மாட்டேன்னாலும் உடாது."

திரும்பி வந்தாள். பஜ்ஜி போட்டாள். ஒரு பயணி உருளைக்கிழங்கு பஜ்ஜி இல்லையா என்று கேட்டார். உருளைக்கிழங்கும் சீவினாள். பொழுது போய்விட்டது.

மூன்றாம் நாள் பக்கத்துத் தீவுக்குக் கப்பல். மயிலம்மாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பொட்டலம் கட்டி முடித்து, தலை சீவி, நனைந்தால் மாற்றிக்கொள்ள ஒரு சேலையையும் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மருதாசலம் கையில் தாளை வைத்துக்கொண்டு பேர் வாசித்தார். இருபத்திரண்டு பேர், அவரோடு இருபத்து மூன்று. அவள் பேர் வரவில்லை.

"கப்பல்ல எடம் கெடைக்கல மயிலு. சமையல் ஆளுங்களுக்குச் சேத்துப் போட முடியல. பொட்டலம் எல்லாம் வண்டியில ஏத்தியாச்சா?"

சோற்றுப் பொட்டலங்களுக்குக் கப்பலில் இடம் இருந்தது. அவற்றைக் கட்டினவளுக்கு இல்லை. அவள் சேலையை மறுபடியும் மடித்து வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்கத் தேவையில்லாத அண்டாக்களையும் சேர்த்துத் தேய்த்தாள்.

சாயங்காலம் சின்னான் போன் செய்தான். தினமும் செய்தான்.

"கடல் எப்படிப் புள்ள இருக்குது?"

"தென்னை மரம் தெரியுது."

"நான் கடலைக் கேட்டேன்."

"நானும் அதைத்தான் மூணு நாளாக் கேட்டுக்கிட்டிருக்கறேன்."

"குடோன்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என்ற சம்சாரம் கடல்ல குளிச்சிக்கிட்டு இருக்கறான்னு."

"குளிச்சிக்கிட்டுத்தான் இருக்கறேன், புகையில. போனை வெய்யி."

நான்காம் நாள் இட்லி மாவு பொங்கி அண்டாவுக்கு வெளியே வழிந்தது. நம் ஊரில் ராத்திரி முழுக்க எடுக்கிற புளிப்பை அந்த ஊர்ப் புழுக்கம் நாலு மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறது. இட்லி புளிக்கிறது என்று மூன்று பேர் தட்டைத் தள்ளி வைத்தார்கள். புதிதாக ரவை கிளறி, சட்னி அரைத்து, அதற்குள் மத்தியானச் சோற்றுக்கு நேரம் வந்துவிட்டது. அன்றைக்கும் போயிற்று. மறுநாள் கடைசி நாள். பழைய சிறை, அருங்காட்சியகம், கடைவீதி என்று திட்டம். அதற்கடுத்த நாள் காலையில் விமானம்.

அன்று மாலை டிபனுக்குப் பரிமாறிக்கொண்டு வரும்போதுதான் மயிலம்மாளுக்கு அந்த நினைப்பு வந்தது. ராஜம்மாளின் தட்டுக்கு எதிரே நின்று, சட்னியை ஊற்றிக்கொண்டே, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நாளைக்கு ஆடிப் பதினெட்டுங்கம்மா."

வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் நிமிர்ந்தார்கள்.

"நெனப்பு இல்லாமயா," என்றாள் ராஜம்மாள். "காதோலை கருகமணியெல்லாம் பையிலயே இருக்குது. போற எடத்துல ஆறு இல்லாமயா போயிரும்னு எடுத்தாந்தேன். இந்த வருசம் இவருக்காக ஆத்துல உட்டே ஆகோணும். சார், இங்க ஆறு எங்க இருக்குது?"

"இங்க ஏதுங்கம்மா ஆறு," என்றார் மருதாசலம்.

"ஆத்துக்கு என்னங்க," என்றாள் மயிலம்மாள். "காவேரியே கடைசியில கடலுக்குத்தான வந்து சேருது. நாம நேரா அங்கயே வந்துட்டோம்னு வெச்சுக்குங்க. கட்டுச்சோறு கட்டி எடுத்துக்கிட்டு கடல்கிட்டப் போனா மத்தியானச் சமையலும் மிச்சம். ஆடிப் பதினெட்டன்னிக்கு ஊட்டுக்குள்ள உக்காந்து சோறு திங்கறது நம்ம வழக்கத்துல இருக்குதுங்களா?"

மருதாசலம் தாளைத் தட்டிக்காட்டினார். திட்டம் போட்டாயிற்று, அருங்காட்சியகம் நாலு மணிக்கு மூடிவிடும் என்றார். பெண்கள் அவரைப் பேசவிடவில்லை. புது மஞ்சள் கயிறு மாற்றாமல் கடைவீதியில் சுற்றினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று ஒருத்தி கேட்டாள். சிறையைப் பார்க்கிற நாளா அது என்று இன்னொருத்தி கேட்டாள். கடைசியில் பதினொன்றரைக்குக் கடற்கரை, ஒன்றரைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று முடிவானது.

அவளுக்கு அந்த நேரத்தில் சாமியைப் பற்றிய நினைப்பைவிட ஒன்றரை மணிக்கு முன்னால் கிடைக்கப்போகிற அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிய நினைப்புதான் அதிகம். அதற்காக அவள் கூசவில்லை.

விடிவதற்கு முன்பே எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று நாலு வகை கிளறினாள். காப்பரிசிக்கு வெல்லம் தட்டினாள். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாழை மரத்தின் பட்டையை உரித்து, படகு போல முழ நீளத்துக்குப் பதினொன்றாக நறுக்கி, பெரிய குண்டா ஒன்றில் அடுக்கி மூடி போட்டுக்கொண்டாள்.

கடற்கரையில் வேன் நின்றது. மயிலம்மாள் கால் வைத்தாள். எதிரே கடல். இரைச்சலும் அகலமுமாக ஏதோ ஒன்று அவள் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

"மயிலு, வெத்தலை எந்தப் பையில?"

திரும்பினாள். வெற்றிலையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு சூடம், பிறகு தீப்பெட்டி, பிறகு மஞ்சள். விரிப்புப் பறக்கிறது என்று நாலு மூலையிலும் பாத்திரம் வைத்தாள். ஒருவருக்குக் குடிக்கச் சுடுதண்ணீர். சோறு பரிமாறுவதா, பூசை முதலில் முடிவதா என்று ஒரு தர்க்கம். பூசை முதலில் என்றானது. கடல் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டே இருந்தது. அவள் கண் முன்னால் இருந்தது தட்டும் டம்ளரும்.

கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. ஊதலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு காவல்காரர் கணுக்காலைத் தொட்டுக்காட்டி, அதுவரைக்கும்தான் என்று சைகை செய்தார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிட்டார்கள். புதுக் கயிறு கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு வாழைப்பட்டையிலும் காதோலை கருகமணி, பூ, மஞ்சள், காப்பரிசி, ஒரு துண்டு சூடம். ராஜம்மாள் மற்ற பத்துப் பேருக்கும் முன்னால் போய்க் குனிந்து, வீட்டுக்காரர் பேரை மனசுக்குள் சொல்லி, பட்டையை அலையில் விட்டாள். மற்றவர்களும் விட்டார்கள்.

ஊரில் மோகனூர்க் காவேரியில் விட்டால் என்ன நடக்கும்? பட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிடித்த ஓட்டத்தில் கிழக்கே போகும். கண்ணுக்கு மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு, நல்லபடியாகப் போயிற்று என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சோற்றுக்கு வருவார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் பார்த்தது அதுதான். விட்டது திரும்பி வரும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஓர் அலை வந்தது. பதினொரு பட்டைகளையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து காலடியில் போட்டது.

மறுபடியும் விட்டார்கள். மறுபடியும் போட்டது. மூன்றாம் தடவை ராஜம்மாளின் பட்டை கவிழ்ந்து, கருகமணி மணலில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ராஜம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "ஏத்துக்க மாட்டேங்குது," என்றாள்.

"அலைன்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் அவள் வீட்டுக்காரர்.

"நீங்க சித்தெ பேசாம இருங்க." அவள் மயிலம்மாள் பக்கம் திரும்பினாள். "எல்லாம் இவ பேச்சைக் கேட்டது. ஆறும் கடலும் ஒண்ணுதானாம். ஊருக்குப் போயி ஆத்துலயே உட்டிருப்பேன்."

"ஊருக்குப் போறதுக்குள்ள ஆடிப் பதினெட்டு போயிருமுங்கம்மா," என்று சொல்லப்போன மயிலம்மாள் நிறுத்திக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முழங்கால் ஆழத்துக்குப் போய்த் தள்ளினாள். காவல்காரர் ஊதினார். அலை அவளையும் நனைத்துத் தள்ளியது, பட்டைகள் அவளுக்கு முன்னால் கரை சேர்ந்தன. இன்னொரு தடவை போனாள். அவர் பக்கத்தில் ஓடிவந்து ஊதினார். அவர் பேசியது இவளுக்குப் புரியவில்லை, இவள் பேசியது அவருக்குப் புரியவில்லை.

"சாமி காரியமுங்க, சித்தெ இருங்க," என்றாள். அவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து விட்டார்.

கொஞ்சம் தள்ளி, தார்ப்பாய்க் கூரைக்கு அடியில் ஓர் அம்மா இளநீர் விற்றுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து தமிழிலேயே சொன்னாள்.

"இப்ப தண்ணி ஏறுற நேரம்மா. என்னத்தைப் போட்டாலும் கரைக்குத்தான் கொண்டாரும். மூணு மணிக்கு மேல வத்த ஆரம்பிக்கும். அப்ப போடுங்க, தன்னால இழுத்துட்டுப் போயிடும்."

பெண்களுக்கு உயிர் வந்தது. மருதாசலத்துக்கு உயிர் போயிற்று.

"மூணு மணி வரைக்கும் யாருங்க இங்க உக்காந்திருக்கறது? மானம் வேற கறுத்துக்கிட்டு வருது."

"நான் இருக்கறேன்," என்றாள் ராஜம்மாள். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவரை மழையில் வைத்திருக்க முடியாது, தனியாக அனுப்பவும் மனசு வராது. மயிலம்மாளைக் கையால் காட்டினாள். "மயிலு இருக்கட்டும். இழுத்துக்கிட்டு வந்தவ அவதான? தண்ணி வத்தினதும் பதினொண்ணையும் உட்டுப்போட்டு வரட்டும்."

"பொழுதோட டிபனுக்கு யாரு இருக்கறது?" என்றான் தீனதயாளன்.

"உப்புமாக் கிண்டுங்க தம்பி," என்றாள் மயிலம்மாள். "இருபத்திரண்டு பேருக்கு உப்புமாக் கிண்ட மாஸ்டர் ஒருத்தரு போதாதுங்களா?"

அதைத் தண்டனையாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். மயிலம்மாளும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். மனசுக்குள் என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியக்கூடாதே. ஐந்து மணிக்குப் பேருந்து வரும் என்று சொல்லிவிட்டு, கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவளுக்கு மிஞ்சியது தயிர்ச்சோறும் ஊறுகாயும். அதைத் தின்றுவிட்டு, பட்டைகளை ஒழுங்காகக் குண்டாவுக்குள் அடுக்கி மூடிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பினாள்.

மழை கொட்ட ஆரம்பித்தது.

சாதாரண மழை இல்லை. பத்தடி தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடல் இருக்கிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படுதா தொங்கியது. மயிலம்மாள் குண்டாவைத் தூக்கிக்கொண்டு இளநீர்க்கார அம்மாவின் தார்ப்பாய்க்கு அடியில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னும் அரைமணி ஆயிற்று. ஐந்து நாளில் அவள் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்தது அப்போதுதான். அது மழைக்கா மருதாசலத்துக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"நீங்க எத்தனை வருசமா இங்க இருக்கறீங்க?" என்று கேட்டாள்.

"பொறந்ததே இங்கதான். எங்க தாத்தா காலத்துல வந்தது."

"தெனமும் கடலைப் பாத்துக்கிட்டே இருக்கறீங்க. குடுத்து வெச்சவங்க."

"எங்க பாக்கறேன். காயைப் பாக்கறேன், அருவாளைப் பாக்கறேன். கொஞ்சம் அசந்தா வெரல் போயிடும்."

மயிலம்மாள் அவள் கையைப் பார்த்தாள்.

மூன்றரைக்கு மழை விட்டது. அந்த அம்மா சொன்ன மாதிரியே தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. அலை ஏறி வந்த இடம் ஈர மணலாகக் கிடந்தது. மயிலம்மாள் குண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். சூடம் நமுத்து எரியவில்லை. வேறு வழியில்லை என்று கும்பிட்டுக்கொண்டாள். முதலில் எடுத்தது ராஜம்மாளின் பட்டை. கவிழ்ந்தபோது ஒட்டின மணலைக் கழுவி, கருகமணியைத் திரும்ப நேராக வைத்து, வலது புறம் ஒரு சிவப்புப் பூவை எடுத்து வைத்துத் தண்ணீரில் விட்டாள். அது ஆடி ஆடிப் போயிற்று. ஓர் அலை அதைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த தண்ணீர் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. பாறையைத் தாண்டியது. பிறகு காணோம். இன்னொருத்தி வீட்டுக்காரருக்காக அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்து அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

மற்றவை ஒவ்வொன்றாகப் போயின. ஒன்று பக்கவாட்டில் போய்ப் பாறையில் மாட்டிக்கொண்டது. போய் எடுத்து மறுபடி விட்டாள். பதினொன்றாவது போனபோது நாலேகால் இருக்கும். குண்டாவை அலசி, மூடியைப் போட்டு மணலில் வைத்தாள். முந்தானையைப் பிழிந்தாள். பேருந்து வர முக்கால் மணி நேரம் இருக்கிறது. முழுதாக ஒரு மணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று உட்காரப் போனாள்.

சாலையில் பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது.

"மயிலு, வா வா," என்று மருதாசலம் மேலிருந்தே கூப்பிட்டார். "மழையில கரண்ட் போயி அருங்காட்சியகத்தைச் சாத்திட்டாங்க. மாஸ்டர் வேற போன்மேல போன் போடறாரு, மறுபடியும் மாவு பொங்கிருச்சாம்."

மயிலம்மாளுக்கு அழுகை வரவில்லை. தலைக்கு மேல் ஏதோ ஏறியது. ஐந்து நாளாகப் பால் திரியும் என்றார்கள், பஜ்ஜி என்றார்கள், கப்பலில் இடம் இல்லை என்றார்கள். இப்போது மாவு. அவள் குண்டாவைப் பார்த்தாள். மூடி போட்டிருந்தது. மேட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

"இன்னும் ஆறு பாக்கி இருக்குதுங்க சார்," என்றாள்.

"ஆறா? இவ்வளவு நேரம் என்ன பண்ணுன? எல்லாத்தையும் சேத்து ஒரேடியா உட்டுட்டு வா."

"சேத்து உட்டா ஒண்ணோட ஒண்ணு மோதிக் கவுந்துருமுங்க. ஒண்ணு கண்ணுக்கு மறைஞ்சப்புறம்தான் அடுத்ததை உடோணும். அவசரப்பட்டா மத்தியானம் ஆன மாதிரிதான் ஆகும்."

பேருந்துச் சன்னலில் ராஜம்மாளின் தலை தெரிந்தது. "சார், அவளை அவசரப்படுத்தாதீங்க. பொறுமையா உடட்டும். மாவு போனாப் போவட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "மயிலு, என்ற பட்டை போயிருச்சா?"

"உங்களுதுதாங்கம்மா மொதல்ல போச்சு. அந்தப் பாறையைத் தாண்டிப் போனதை இந்தக் கண்ணுல பாத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல."

ராஜம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரரின் தோளைத் தொட்டு என்னவோ சொன்னாள். அதற்குப் பிறகு பேருந்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நல்ல காரியத்தைப் பாதியில் கெடுத்தவர் என்ற பேர் எடுக்க மருதாசலம் என்ன, யாராக இருந்தாலும் துணியமாட்டார்கள்.

மயிலம்மாள் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள்.

மழை கழுவிவிட்ட வெளிச்சம். தண்ணீர் பச்சையாக ஆரம்பித்து, நீலமாகி, அதற்கும் அப்பால் ஒரு நிறமாகவும் இல்லாமல் போயிற்று. காவேரியில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் எதிர்க்கரையில் ஒரு மரம், ஒரு கோபுரம், துணி துவைக்கிற யாராவது ஒருத்தி தெரிவாள். இங்கே எதிரே யாரும் இல்லை. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அலை வந்து குதிகாலுக்குக் கீழே மணலை உருவிக்கொண்டு போயிற்று, கால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. அவள் இறங்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஈரச்சேலையில் குளிர் எடுத்தது. அதையும் விட்டுவிட்டாள். கோபம் மட்டும் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அவளோடேயே உட்கார்ந்து அதுவும் கடலைப் பார்த்தது.

இளநீர்க்கார அம்மா கடையைக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டாள். குண்டாவின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"எத்தனை பாக்கின்னு சொன்ன?"

"மூணு."

"சட்டி காலியா இருக்கு."

"மூடுங்க, காத்து அடிக்குது."

அந்த அம்மா மூடினாள். இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பேருந்திலிருந்து ஒரே ஒரு தடவை, மரியாதையாக, மெதுவாக ஹாரன் கேட்டது. மயிலம்மாள் திரும்பிப் பார்க்காமல் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டினாள். அந்த ஒன்றை விட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.